அக்காவின் வயதில் தம்பியின் கல்லீரல்

பள்ளிப்பட்டு முனிரத்தினத்தின் மகன் கோதண்டபாணி ஒரே மத்தியானத்தில் ஒன்பது வயது கூடிப்போனவன். காலையில் இருபத்து மூன்று வயதுப் பிள்ளையாகத் தறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். சாப்பாட்டு வேளை தாண்டி அவன் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது அவனுக்கு முப்பத்திரண்டு ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். பெண் வீட்டார் திருத்தணிக்காரர்கள். ஜாதகம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். முனிரத்தினத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெட்டியில் இரண்டு ஜாதக நோட்டுகள் இருந்தன. ஒன்று மூத்த மகள் ஜெயம்மாளுடையது, மற்றது கோதண்டபாணியுடையது. இரண்டின் மேலட்டையையும் பூச்சி அரித்துவிட்டது. கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆளைப் பிடித்துப் பிறந்த தேதி, நட்சத்திரம், ராசிக் கட்டம் இவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். கட்டத்தைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியுமா? ஜோசியர் பார்த்தார். பத்துக்குப் பத்து. என் ஆயுசில் இப்படி ஒரு பொருத்தம் கண்டதில்லை என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பெண்ணின் அப்பா அந்த இடத்திலேயே தாம்பூலத் தட்டை நீட்டிவிட்டார்.

ஜெயம்மாள் அப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நைனா, இது கிருத்திகை நட்சத்திரம். இது என்னுது. தேதியும் என்னுது, கட்டமும் என்னுது. எனக்குப் பொண்ணு பாத்துட்டு வந்திருக்கியே!"

முனிரத்தினம் தாளை வாங்கி மடித்து வைத்தார். "தட்டு மாத்தியாச்சி. பொண்ணுக்கு இருவத்தஞ்சு. இனிமே போயி மாப்ளைக்கு இருவத்து மூணுதான்னு எப்படிச் சொல்றது? பொண்ணு மூத்தவளாயிடுவா. விடு. நம்ம பாணிக்கு முன்னாடி முடி கொட்டிகினுதான் இருக்குது. முப்பத்திரண்டுன்னா யார் நம்ப மாட்டாங்க?"

எல்லாரும் நம்பினார்கள். மணப்பெண் யோகலட்சுமியும் நம்பினாள்.

அன்று முதல் அக்காவின் பிறந்த தேதியே தம்பிக்கும் ஆயிற்று. ரேஷன் கார்டில் அதுதான், ஓட்டர் கார்டில் அதுதான். ஆதாருக்கு விரல் வைக்கப் போனபோது யோகலட்சுமி பக்கத்தில் நின்று தேதியை மனப்பாடமாகச் சொன்னாள், அவள் மாதாமாதம் அந்த நட்சத்திரத்துக்குத் திருத்தணி மலையில் அர்ச்சனை செய்கிறவள். வருஷத்துக்கு ஒரு முறை கணவன் பிறந்தநாள் என்று பாயசம் வைப்பாள். பக்கத்துத் தெருவிலிருந்து ஜெயம்மாள் வந்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போவாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் பிறந்தநாள் என்று யாருக்குத் தெரியும்?

கோதண்டபாணியைப் பற்றிச் சொல்வதென்றால், அவன் கைராசிக்காரன். தறியில் உட்கார்ந்து பழகி, பிறகு தறி ஃபிட்டர் ஆனான். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு வரைக்கும் எந்த ஷெட்டில் விசைத்தறி நின்றாலும் அவனுக்குத்தான் போன் வரும். பொய் பேசமாட்டான், சீட்டு ஆடமாட்டான், குடிக்கமாட்டான். அவன் உடம்பில் இருந்த ஒரே பொய் அவன் வயதுதான். அதையும் அவன் சொல்லவில்லை, கட்டம் சொல்லியது.

ஆனால் கூடுதலாகக் கிடைத்த ஒன்பது வயதை அவன் வீணாக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். முப்பத்தைந்து வயதிலேயே "எனக்கு இன்னா சின்ன வயசா?" என்று சொல்லிக் கேஸ் சிலிண்டரை நகர்த்த மறுத்தான். பஸ்ஸில் சீட்டுக் கேட்டு வாங்கினான். யோகலட்சுமி இரண்டு வயது மூத்தவளாக இருந்தும் அவனுக்குக் காலைப் பிடித்துவிட்டாள். போன வருஷம் அவனுக்கு ஐம்பத்தொன்று நடக்கும்போது மண்டபம் பிடித்து அறுபதாம் கல்யாணமே நடந்தது. யோகலட்சுமியின் அண்ணன், ஐம்பத்தேழு வயதுக்காரர், அவன் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினார். உண்மையில் அறுபது முடிந்த ஜெயம்மாள் பந்தியில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு ரத்ததான முகாம் போட்டார்கள். கோதண்டபாணியும் கையை நீட்டி ரத்தம் கொடுத்து, ஒரு வாழைப்பழமும் பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு பெருமையாக வந்தான். சில நாளில் ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. அவன் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறது, உடனே ஒரு டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றார்கள்.

பைபாஸ் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் தேவிப்பிரியாவிடம் யோகலட்சுமி அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் நிதானமானவர். ரத்தம் எடுக்கச் சொன்னார், ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். இது தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. அநேகமாகப் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கும். ரொம்ப வருஷமாகச் சத்தமில்லாமல் உள்ளே இருந்திருக்கிறது. இப்போது பார்க்கவேண்டியது, அது கல்லீரலைக் கெடுத்து வைத்திருக்கிறதா என்பதுதான்.

"சில பேருக்கு வருஷக்கணக்கா புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, ஈரல்ல நார் மாதிரி தழும்பு ஏறிடும்" என்றார்.

கோதண்டபாணியின் முகம் வெளுத்தது. "நாருங்களா? நான் அப்பவே நெனச்சேங்க."

"இன்னா நெனச்சீங்க?"

"கைத்தறி நாள்ல, தறியில ஓடற நாடாவுக்குள்ள நூல் சுத்துன தார் மாத்தும்போது நூல் நுனிய வாயாலதான் உறிஞ்சி இழுப்போம். எவ்ளோ நூல் உள்ள போயிருக்கும்! அத்தனையும் போயி ஈரல்ல சுத்திகினு இருக்குது. அது காட்டனா பாலியஸ்டரான்னு ரிப்போர்ட்டுல தெரியுதுங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிரிப்பை அடக்க இருமினார். "நூல் வயித்துக்குப் போனா வெளிய வந்துடுமுங்க. இது உடம்பே நெய்யற தழும்பு."

உடம்பே நெய்கிறது என்றதும் அவன் இன்னும் பயந்தான்.

பிறகு டாக்டர் பரிசோதனையைப் பற்றிச் சொன்னார். முன்பெல்லாம் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க விலா இடுக்கில் நீள ஊசியை விட்டு ஈரலில் ஒரு துணுக்கு எடுப்பார்கள். இப்போது முதலில் சாதாரண ரத்த டெஸ்ட்டை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். ஈரலிலிருந்து ரத்தத்தில் கசியும் இரண்டு என்சைம், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு, ஆளுடைய வயது, இந்த நாலும்தான் கணக்கு. வயது பெருக்கலில் வரும். ஒன்று புள்ளி நாலு ஐந்துக்குக் கீழே வந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, கவலையில்லை. அதற்கு மேலே போனால் இப்படியும் சொல்லமுடியாது, அப்படியும் சொல்லமுடியாது, அடுத்த பரிசோதனைக்குப் போகவேண்டும். ரொம்ப மேலே போனால் தழும்பு என்றே வைத்துக்கொள்ளலாம்.

அவர் ஆதாரைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அறுபத்தொன்று என்று தட்டினார். ஒன்று புள்ளி ஆறு ஐந்து வந்தது.

"நடுவுல நிக்குது. மெட்ராசுக்குப் போயி ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க. அதுலயும் தெளிவா தெரியலன்னா, அவங்க வேணும்னா ஊசி போட்டு எடுப்பாங்க."

நீள ஊசி என்ற சொல் காதில் விழுந்த பிறகு கோதண்டபாணிக்கு வேறெதுவும் விழவில்லை.

மறுநாள் ஜெயம்மாள் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் எதையும் இரண்டு முறை கேட்கிறவள். வயது எங்கே வருகிறது என்று கேட்டாள், பெருக்கலில் என்றாள் யோகலட்சுமி. எந்த வயதைப் போட்டார்கள் என்று கேட்டாள், ஆதார் வயதை என்றாள். ஜெயம்மாள் எழுந்து ஆட்டோ பிடித்து, கே.ஜி.கண்டிகையில் தம்பி வேலை செய்துகொண்டிருந்த ஷெட்டுக்கே போய்விட்டாள். அவனை எதிர்த்த டீக்கடைக்கு இழுத்துவந்து உட்காரவைத்தாள்.

"டேய் பாணி, ரத்தம் உன்னுது, வயசு என்னுது. ரெண்டையும் ஒண்ணா பெருக்கி வெச்சிருக்காங்க. அது யாரு ஈரல்டா?"

"சத்தமா பேசாத அக்கா."

"அம்பத்திரண்டு போட்டா கணக்கு எறங்கும். போயி சொல்லு."

"எப்படிச் சொல்றது? யோகா கூடவே வர்றா. டாக்டர்கிட்ட வயசு சொன்னா அவளுக்கும் தெரிஞ்சிடும். அவளவிட ரெண்டு வயசு சின்னவன்னு தெரிஞ்சா அப்புறம் என்ன எவ மதிப்பா? இருவத்தொம்பது வருசமா 'ஏங்க, ஏங்க'ன்னு கூப்புட்டுகினு இருக்கா. நாளைக்கே 'டேய்'ன்னா நான் எங்க போவேன்?"

"ஊசி குத்துனா எங்க போவ?"

அவன் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தான். "அக்கா, நீ போயி உன் ரத்தத்த குடு. வயசும் உன்னுது, ரத்தமும் உன்னுதாயிடும். கணக்கு சரியா வரும்."

"சரியா வரும்டா. ஆனா என் ஈரல்தான் நல்லா இருக்குதுன்னு தெரியும். உன்னுது?"

அவன் டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தான். ஸ்கேனுக்குச் சீட்டு வாங்க வெள்ளிக்கிழமை கிளினிக்குப் போகவேண்டியிருந்தது. ஜெயம்மாளும் ஆதாரைப் பையில் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

டாக்டர் அறையில் கோதண்டபாணி நடுவில், இரண்டு பெண்களும் இரண்டு பக்கம். டாக்டர் சீட்டு எழுத ஆரம்பித்ததும் அவன் தொண்டையைக் கனைத்தான்.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகம். ஒரு ஆளுக்கு ஒடம்பு ஒரு வயசு, ஈரல் ஒரு வயசுன்னு இருக்குமுங்களா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்ல, சில தறி பழசா இருக்கும், மோட்டார் மட்டும் புதுசா இருக்கும். அந்த மாதிரி ஈரல் மட்டும் லேட்டா வந்திருந்தா, ஒரு ஒம்பது வருசம்…"

"அப்படியெல்லாம் கெடையாதுங்க. கூடவேதான் பொறக்கும்."

ஜெயம்மாள் அவன் தொடையில் கிள்ளினாள். அவன் நெளிந்தான். "சரி, பொதுவா எல்லாருக்கும் ஒரு ஒம்பது கழிச்சிப் போடற வழக்கம் உண்டுங்களா?"

"ஏங்க, இன்னா ஒளறிகினு இருக்கீங்க?" என்றாள் யோகலட்சுமி. பயத்தில் புத்தி தடுமாறுகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள். "இந்த வயசுல ஊசி தாங்குவாருங்களா? ஊசியில்லாம சரியா போச்சின்னா நான் மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கறேன்னு வேண்டிகினு இருக்கேங்க."

கோதண்டபாணி திரும்பி அவள் பின்னலைப் பார்த்தான். ஐம்பத்து நான்கு வயதிலும் இடுப்பைத் தொடும் பின்னல். தன் தலையில் இல்லாததெல்லாம் அவள் தலையில் இருக்கிறது என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பின்னல். அந்த நீள ஊசியைக்கூட அவனால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும். இந்தப் பின்னல் போவதைப் பொறுக்க முடியவில்லை.

"டாக்டரம்மா, எழுதாதீங்க" என்றான். "அது என் வயசு இல்ல. எங்கக்கா வயசு. எனக்கு அம்பத்திரண்டுதான்."

டாக்டர் சிரித்தார். "எல்லாரும்தான் கொறச்சிச் சொல்றாங்க."

"நெசமா சொல்றான்" என்று ஜெயம்மாள் தன் ஆதாரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இரண்டு கார்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரே தேதி, ஒரே மாதம், ஒரே வருஷம். "இவன் பொறக்கும்போது நான் நாலாங் கிளாஸ். இடுப்புல வெச்சிகினு பள்ளிக்கூடம் போனவ. எங்க நைனா ஜாதகத்த மாத்தி எடுத்துகினு போயிட்டாரு." நடந்தது முழுவதையும் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, ஒன்றும் விடாமல் சொன்னாள்.

யோகலட்சுமி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப ஜோசியர் பாத்தது எனக்கும் அண்ணிக்குமா?"

"ஆங்" என்றாள் ஜெயம்மாள்.

"பத்துக்குப் பத்தும் உங்களோடவா?"

"ஆங்."

"அதானே பாத்தேன்!" என்று யோகலட்சுமி மேஜையில் ஒரு தட்டு தட்டினாள். "இத்தன வருசத்துல உங்களுக்கும் எனக்கும் ஒரு வார்த்த தடிச்சதில்ல. இந்த மனுசனோட ஒரு நாள் ஒத்துப்போனதில்ல. பொருத்தம் பத்தும் இருந்தும் ஏன் இப்படி, ஏன் இப்படின்னு நானும் போவாத கோயிலில்ல! அப்போ போன வருசம் அறுவதாங் கல்யாணம்?"

"அது எனக்கு நடந்ததுன்னு வெச்சிக்கோ."

"எங்கண்ணன் இவரு கால்ல விழுந்தாரே!"

"நல்லபடியாத்தானே ஆசீர்வாதம் பண்ணேன்" என்றான் கோதண்டபாணி.

"பண்ணீங்க, பண்ணீங்க. நாளையிலேர்ந்து கேஸ் சிலிண்டர நீங்கதான் தூக்கறீங்க. தண்ணி கேனும் நீங்கதான். காலு வலிக்குதுன்னு எங்கிட்ட நீட்டினீங்க, பாத்துக்குங்க."

இதற்கிடையில் டாக்டர் ஐம்பத்திரண்டு என்று தட்டியிருந்தார். "ஒன்று புள்ளி நாலு" என்றார். "கோட்டுக்குக் கீழ வந்துடுச்சி. பெரிய தழும்பு இருக்கற மாதிரி தெரியல. இப்போதைக்கு மெட்ராஸ் வேணாம். கிருமி எவ்ளோ இருக்குதுன்னு ஒரு டெஸ்ட் எடுத்துப்போம், மாத்திரை வேணுமா வேணாமான்னு அத வெச்சி முடிவு பண்ணலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வந்து இதே கணக்கப் பாத்துடணும். வயசு ஏறுனா கணக்கும் ஏறும், விட்டுடாதீங்க."

"மொட்டை?" என்றான் கோதண்டபாணி கவலையாக.

"நம்ம குடும்பத்துல யாரோ ஒருத்தர் போட்டா சாமி ஒத்துக்கும். உங்களுக்கு இருக்கற நாலு முடிய குடுத்துட்டு வாங்க" என்றாள் யோகலட்சுமி.

ஜெயம்மாள் சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். யோகலட்சுமியும் சிரித்து, பாதியில் நிறுத்தினாள். அவள் விரல்களில் எதையோ எண்ணுவது தெரிந்தது.

"அப்போ நான் பெரியவளா?" என்றாள்.

கோதண்டபாணி தரையைப் பார்த்தான். டாக்டர் கம்ப்யூட்டரில் இல்லாத எதையோ தேடினார். இருபத்தொன்பது வருஷம் அவன் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். யோகலட்சுமி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்ல இருக்கறவங்களும், கூடப் பொறந்தவங்களும் ஒரு தரம் டெஸ்ட் பண்ணிக்கணும்" என்றார் டாக்டர். "கிருமி இல்லன்னா தடுப்பூசி போட்டுக்கலாம். கீழ லேப்ல ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

மூவரும் படியிறங்கிப் போனார்கள். யோகலட்சுமி முன்னால், ஜெயம்மாள் அவளோடு, கோதண்டபாணி கடைசியில். லேப் ஜன்னலில் ஸ்னேகா என்ற பெண் கம்ப்யூட்டர்முன் இருந்தாள். அவள் முதலில் கோதண்டபாணியின் பழைய பதிவைத் திருத்தி, மேலேயிருந்து டாக்டர் எழுதியனுப்பிய புதிய வயதைப் போட்டாள். பிறகு ஜெயம்மாளுக்கு அறுபத்தொன்று. ஜெயம்மாள் தன் வயது தனக்கே திரும்பி வந்த திருப்தியோடு ஒரு முறை எட்டிப் பார்த்துச் சரி என்றாள்.

"அடுத்து நீங்கம்மா. பேரு?"

"யோகலட்சுமி."

"வயசு?"

கோதண்டபாணி பின்னால் நின்று கைவிரல்களை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, இந்த டெஸ்ட்டுக்கு வயச வெச்சி ஏதாச்சும் கணக்குப் போடுவாங்களா?" என்று கேட்டாள் யோகலட்சுமி.

"இல்லீங்கம்மா. இது கிருமி இருக்குதா இல்லியான்னு மட்டும்தான். வயசு சும்மா எழுதிக்கறது."

"அப்படியா?" என்றவள் திரும்பிக் கணவனை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"இப்ப இவருக்கு எவ்ளோ போட்ட?"

"அம்பத்திரண்டும்மா."

"அதுல ரெண்டு கொறச்சி எனக்குப் போட்டுக்கோ" என்றாள். "ஏங்க, நின்னுகினு இருக்கீங்களே, இந்தப் பைய வாங்கிப் புடிங்க."